குடம் தூக்கலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 59. ஐந்து மாதத்துக்கு முன்னால் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. பத்து வருஷமாகச் சர்க்கரையும் உண்டு. தினமும் மொட்டைமாடியில் 40 நிமிடம் நடக்கிறேன், மூச்சு வாங்குவதில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒரு கிலோ டம்பெல்லும் ரப்பர் பட்டையும் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொல்கிறார். ஆபரேஷன் செய்த டாக்டரோ கனம் தூக்கவே கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். “தைத்த நெஞ்சு பிரிந்துவிடும், பேசாமல் நடந்தால் போதும்” என்கிறாள் என் அக்கா. மருமகள் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

– பெயர் வேண்டாம், தென்காசி.

பதில்: அம்மா, உங்கள் டாக்டர் சொன்னதும் சரி, பிசியோதெரபிஸ்ட் சொல்வதும் சரி. டாக்டர் சொன்னதற்கு ஒரு கெடு உண்டு. அதை டிஸ்சார்ஜ் அன்று யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் அடிக்கடி செய்கிற தவறு இது. “தூக்காதீர்கள்” என்போம், எதுவரைக்கும் என்று சொல்ல மறந்துவிடுவோம்.

பைபாஸில் நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்குவது, கதவை ஓங்கித் தள்ளுவது, கையை ஊன்றி எழுவது எல்லாம் வேண்டாம் என்போம். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. சர்க்கரை இருப்பவர்களுக்கு எலும்பு ஒன்றுசேரச் சற்றுத் தாமதமாகலாம். அதனால் ஒருமுறை சர்ஜனிடம் போய் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இருமும்போதோ புரண்டு படுக்கும்போதோ நெஞ்சுக்குள் 'கிளிக்' என்று ஏதாவது நகர்ந்தால் மட்டும் எடையைத் தொடாமல் முதலில் அவரிடம் ஓடுங்கள்.

அக்காவின் பயத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. 1985இல் கனடாவில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். பாடிபில்டர்களின் கைத் தமனிக்குள் குழாய் செருகி, அவர்கள் பெரும் எடையை இரண்டு காலாலும் தள்ளும்போது ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி 320/250! ஒருவருக்கு 480/350. இதைப் பார்த்த எந்த டாக்டர் இதய நோயாளியின் கையில் எடையைக் கொடுப்பார்? ஆனால் அவர்கள் தூக்கியது தங்களால் முடிந்த உச்ச எடை. அதையும் மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினார்கள். அழுத்தத்தை அப்படி ஏற்றியவை இந்த இரண்டும்தான். உங்கள் ஒரு கிலோ டம்பெல்லில் இரண்டுமே இல்லை. உண்மையைச் சொன்னால், மலச்சிக்கலோடு பாத்ரூமில் மூச்சுப் பிடித்து முக்குவது இதைவிட ஆபத்து. அதைப் பற்றி எந்த அக்காவும் பேசுவதில்லை!

பயம் இதய வைத்தியத்துக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் படுக்கையிலேயே போட்டு வைத்தார்கள். 1952இல் பாஸ்டனில் லெவைன், லௌன் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்ததே பெரிய புரட்சியாக இருந்தது. பிறகு நடக்க விட்டார்கள். எடைக்கு அனுமதி கடைசியில்தான் கிடைத்தது. அமெரிக்க இதயச் சங்கம் எடைப் பயிற்சிக்கென்று 2000இல் தனி அறிவுரை வெளியிட்டது. 2007இலும் 2023இலும் அதைப் புதுப்பித்தது. உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொந்தமாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

சரி, 40 நிமிட நடை இருக்கும்போது இது எதற்கு? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. மூச்சு வாங்கவில்லை, ஆனால் தரையிலிருந்து எழ முடியவில்லை. நடை உங்கள் இதயத்தையும் நுரையீரலையும் தேற்றிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு படுத்துக் கிடந்த நாட்களில் தொடை இழந்த சதையை அது திருப்பித் தரவில்லை. சமதளத்தில் நடப்பதற்குத் தொடையின் முழு பலமும் தேவைப்படாது, அதனால் அது அப்படியே கிடக்கிறது.

இப்போது குடத்துக்கு வருகிறேன். தண்ணீரோடு ஒரு குடம் 12 கிலோ என்று வையுங்கள். உங்களால் அதிகபட்சம் 15 கிலோதான் தூக்க முடியும் என்றால், அந்தக் குடம் உங்கள் சக்தியில் நூற்றுக்கு எண்பது பங்கு. பல்லைக் கடித்து, மூச்சை அடக்கித்தான் தூக்குவீர்கள். அழுத்தம் எகிறும். கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி செய்து உங்கள் உச்சம் 24 கிலோ ஆகிவிட்டால், அதே குடம் சரிபாதி. பேசிக்கொண்டே தூக்கிவிடுவீர்கள். குடம் மாறவில்லை. இதயத்தில் செய்த வைத்தியமும் மாறவில்லை. கைகால் பலமானதால் இதயத்தின் மேல் விழுகிற சுமை குறைந்துவிட்டது. நடையோடு எடையையும் சேர்ப்பது இதற்காகத்தான். சர்க்கரைக்காரருக்கு இன்னொரு லாபமும் உண்டு. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்கிற இடம் தசைதான். தசை கூடினால் சர்க்கரையும் அடங்கும்.

எப்படிச் செய்வது? வாரத்தில் ஐந்து நாள் நடை, இரண்டு நாள் எடை. எடைக்கு அடுத்தடுத்த நாட்கள் வேண்டாம், செவ்வாய் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் முதலில் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டுத்தான் எடையைத் தொட வேண்டும். முதல் பயிற்சிக்கு டம்பெல்லே வேண்டாம். சுவரோரம் போட்ட, ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள், கையை ஊன்றாமல். எழும்போது வாயால் ஊதி மூச்சை விடுங்கள், உட்காரும்போது இழுங்கள். “ஒன்று, இரண்டு” என்று சத்தமாக எண்ணினால் மூச்சை அடக்க வழியே இருக்காது. அப்புறம் சுவரில் கை வைத்துத் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, பட்டையை இடுப்பை நோக்கி இழுப்பது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து டம்பெல்லை மடக்குவது. ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை, ஒரே சுற்று. பதினைந்தும் இரண்டு மூன்று நாள் சுலபமாக வந்தால் அரைக் கிலோ ஏற்றுங்கள். டம்பெல் வாங்கச் செலவழிக்க வேண்டாம், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோதான். கையை அகல விரித்துச் செய்யும் பயிற்சிகளை சர்ஜன் சம்மதிக்கும்வரை தள்ளி வையுங்கள்.

நாடியை எண்ணிக்கொண்டே செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். பைபாஸ் ஆனவர்களில் பெரும்பாலோர் மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுவார்கள். அது துடிப்பை ஏற விடாது. உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அவர்களிடம் பொய்த்துவிடும். அதனால் உடம்பைக் கேளுங்கள். உடம்பு எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை நாமே எண்ணில் சொல்ல, ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் என்பவர் 6 முதல் 20 வரை ஒரு அளவுகோல் செய்து வைத்தார். ஏன் ஒன்றில் தொடங்காமல் ஆறில் தொடங்குகிறது என்றால், அதைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நாடித்துடிப்பு வர வேண்டும் என்பது அவர் கணக்கு. அதில் 11 லேசு, 13 கொஞ்சம் கஷ்டம். உங்களுக்கு அந்த இடைவெளி போதும். முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

முடித்ததும் சட்டென்று நின்றுவிடாதீர்கள். ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து ஓயுங்கள். திடீரென நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும், பிரஷர் மாத்திரை சாப்பிடுவோருக்கு இன்னும் அதிகமாக. சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிரஷர் 160/100க்கு மேல் இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்று எடை வேண்டாம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், படபடப்பு, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்தி உட்காருங்கள். டாக்டர் சொல்லியிருந்தால் நாக்கடியில் சார்பிட்ரேட் வைத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். “கொஞ்ச நேரம் பார்ப்போம்” என்று காத்திருக்க வேண்டாம்.

சர்ஜனைப் பார்க்கும்போது, எடைப் பயிற்சி செய்யலாம் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எத்தனை கிலோ வரை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதை அக்காவிடமும் மருமகளிடமும் காட்டுங்கள். என் பதிலைவிட அந்தச் சீட்டுக்கு வீட்டில் மதிப்பு அதிகம். அதுவரை குடத்தை மருமகளிடமே விட்டு வைக்கலாம், அதில் தவறில்லை. பிறகு கால் குடத்தில் தொடங்குங்கள். நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று இன்றைக்கே எண்ணி, காலண்டரில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணி, இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.