மறு: வருங்காலம் ஏற்கனவே இருக்கிறதென்றால் படித்து என்ன பயன்?

தம்பி, அம்பாசமுத்திரத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பதாகவும், 'முக்காலமும் ஒருசேர இருக்கிறதாம், அப்படியானால் ரிசல்ட்டும் முடிவானதுதானே' என்று புத்தகத்தை மூடிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் புத்தகத்தைத் திறங்கள்.

1905-இல் ஐன்ஸ்டீன் காட்டியது இதுதான்: தொலைவில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பதில், வெவ்வேறு வேகத்தில் போகும் இருவரின் கணக்கு ஒத்துப்போகாது. பிரபஞ்சம் முழுமைக்கும் பொதுவான 'இப்போது' கிடையாது. இதை வைத்துத்தான் முக்காலமும் சமமாக உண்மை என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். ஆனால் காரணம் முந்தி, விளைவு பிந்தி என்ற வரிசை யார் பார்த்தாலும் மாறாது. உங்கள் ரிசல்ட் எங்கோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் நீங்கள் படித்ததாலோ படிக்காததாலோ வந்த ரிசல்ட்தான். படிப்பைக் கழித்துவிட்டு அது தனியாக நிற்காது.

முக்காலமும் சமமாக உண்மை என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டதாகவும் நினைக்க வேண்டாம். நடந்ததும் நடப்பதும் உண்மை, வரப்போவது இன்னும் இல்லை என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் சி. டி. பிராட் 1923-இல் எழுதினார். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. ஆதிச்சநல்லூருக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். கண்ணாடித் தரைக்குக் கீழே, தோண்டிய குழியிலேயே, பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த தாழிகள் கிடக்கின்றன. அந்த மனிதர்கள் வாழ்ந்ததை இனி யாராலும் இல்லையென்று ஆக்க முடியாது. நாளைய நாளுக்கு அப்படி ஒரு தடயமும் இல்லை.

அப்புறம், காலமான அப்பாவைப் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அவர் வாழ்ந்த காலம் இல்லாமல் போய்விடவில்லை. இதில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பக்கம்தான்.