ஒரு பல் கூட்டினால் வண்டி சாந்தமாகுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 350 சிசி குரூயிசர், 5 கியர். வாரம் ஒருமுறை காரைக்குடியிலிருந்து திருச்சி போய் வருகிறேன். புதுக்கோட்டை தாண்டி 90-ல் பிடித்தால் ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள் 3,800-ல் நிற்கிறது. கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் குறுகுறுக்கின்றன. இல்லாத ஆறாவது கியரைக் கால் தேடுகிறது. செயின் ஓடும் பல்சக்கரங்களில், அதாவது ஸ்ப்ராக்கெட்டுகளில், முன்னால் 18 பல், பின்னால் 38. முன்னால் 19 போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். போடலாமா? — வாசகர், கழனிவாசல்

பதில்: போடலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

38-ஐ 18-ஆல் வகுத்தால் 2.11. முன் ஸ்ப்ராக்கெட் 2.11 சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 19 பல் போட்டால் அது சரியாக 2 ஆகிறது. குறைவது 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். 90-ல் உங்கள் 3,800 ஆர்பிஎம் 3,600 ஆகும். ஆறாவது கியர் கிடைத்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். ஐந்தாவது கியர் சற்று நீளும்.

குறுகுறுப்பு சமாசாரம் இன்னொன்று. ஒற்றை சிலிண்டர் வண்டியில் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் எல்லாம் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில்தான் அதிகமாக நடுங்கும். உங்களுக்கு அது 3,800. 19 பல் போட்ட பிறகு அதே 3,800 எப்போது வரும்? 95-ல் வரும். அதிர்வு வீட்டைக் காலி செய்துவிட்டு ஓடவில்லை, 5 கிலோமீட்டர் தள்ளிக் குடிபோயிருக்கிறது. 90-லேயே ஓட்டுகிறவருக்கு இது நல்ல லாபம். 'வண்டி இப்போது நிதானமாகப் போகிறதே' என்று 95-க்கு ஏற்றிவிடுகிறவருக்குப் பழைய கதைதான்.

எனவே காசு செலவழிக்கும் முன் என்ஜின் மவுண்டிங் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, கைப்பிடி முனையில் இருக்கும் எடைகள் தொலைந்திருக்கின்றனவா, டயரில் காற்று சரியா, செயின் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். இவற்றில் ஒன்று கெட்டிருந்தால் எத்தனை பல் கூட்டினாலும் நடுக்கம் நிற்காது.

இழுவை எல்லாக் கியரிலும் அதே 5 சதவீதம் குறையும். தாங்குமா என்று அறிய ஒரு சோதனை. நேரான, ஆளில்லாத சாலையில் டாப் கியரில் 80-ல் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகுங்கள். வண்டி முனகாமல் 90-க்கு ஏறினால் 19 பல் தாங்கும். இப்போதே முக்கி முக்கித்தான் ஏறுகிறது என்றால் வேண்டாம். இந்தச் சோதனையை ஆடி மாதத்தில், மதுரைச் சாலையில் மேற்குப் பார்த்து ஓட்டிச் செய்தால் பதில் இன்னும் நேர்மையாக இருக்கும். அந்தக் காற்றில் 19 பல் வண்டி அடிக்கடி நாலாவது கியர் கேட்கும். கொடுத்துவிட வேண்டும், கஞ்சத்தனம் கூடாது.

20 பல் போடச் சொல்பவர்களும் உண்டு. விகிதம் 1.9, குறைவது 10 சதவீதம். சமதரையில் முதல் நாள் சுகமாக இருக்கும். பிறகு சின்ன மேடு வந்தாலும் நாலாவதுக்கு இறங்குவீர்கள். ஐந்தாவது கியர் அலங்காரத்துக்கு மட்டும் இருக்கும்.

கேள்வி: முன் ஸ்ப்ராக்கெட்டை வீட்டிலேயே மாற்ற நினைக்கிறேன். வரிசையாகச் சொல்ல முடியுமா? எங்கே தவறு நடக்கும்? — வாசகர், தேவகோட்டை

பதில்: முதலில் ஒரு எச்சரிக்கை. வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட பழைய புல்லட்டாக இருந்தால் முன் ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பிரைமரி கவர், கிளட்ச் எல்லாம் கழற்ற வேண்டும். அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். மற்ற பெரும்பாலான வண்டிகளில் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் ஸ்ப்ராக்கெட் கண்ணுக்குத் தெரியும்.

நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான்: அவசரப்பட்டு முதலிலேயே செயினைக் கழற்றிவிடுவார்கள். பிறகு ஸ்ப்ராக்கெட் நட்டைத் திருப்பினால் ஸ்ப்ராக்கெட்டும் கூடவே சுற்றும். செயின் மாட்டியிருக்கும்போதே, நட்டு தளராமல் பிடிக்கும் லாக் வாஷரின் மடிந்த காதை உளியால் மெல்ல நிமிர்த்துங்கள். வண்டியை முதல் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீளக் கைப்பிடி உள்ள சாக்கெட் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்துங்கள். சில வண்டிகளில் பெரிய நட்டுக்குப் பதிலாக ஒரு தகடும் இரண்டு சின்ன போல்ட்டுகளும் இருக்கும். அதற்கு இவ்வளவு மல்லுக்கட்டு வேண்டாம்.

அதன்பின் ஆக்சில் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளினால் செயின் தொய்யும், ஸ்ப்ராக்கெட் வெளியே வரும். உள்ளே கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து களிமண் மாதிரி கெட்டியாக இருக்கும். அதை முழுக்கச் சுரண்டி எடுங்கள், ஆயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். இவ்வளவு தூரம் திறப்பது அடிக்கடி நடக்காது.

புது ஸ்ப்ராக்கெட்டைப் பழையதின் மேல் வைத்துப் பாருங்கள். நடு ஓட்டையின் பற்கள், தடிமன், ஒரு பக்கம் மேடு இருந்தால் அந்த மேடு, எல்லாம் ஒத்துப்போக வேண்டும். மேடு திரும்பிப் போனால் செயின் சில மில்லிமீட்டர் விலகி ஓடும், இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஓரமாகத் தேயும். செயின் அளவிலும் கவனம் தேவை. 520, 525, 530 மூன்றுக்கும் கண்ணியின் நீளம் ஒன்றுதான், 15.875 மி.மீ. அகலம்தான் வேறு. நீளம் பொருந்துகிறதே என்று மாற்றி வாங்கி வந்துவிடக் கூடாது.

மாட்டிய பிறகு மூடியைப் போடாமல் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரு பல் கூடியதால் செயின் உயர்ந்து ஓடும். என்ஜின் உடம்பிலோ மூடியின் உட்புறத்திலோ உரசினால் 'சர்ர்' என்று கேட்கும். உரசினால் அந்த வண்டிக்கு அந்த ஸ்ப்ராக்கெட் கிடையாது. மூடியை ராவி இடம் பண்ணுவது பட்டறைகளில் நடக்கிறது, எங்களுக்கு அதில் சம்மதமில்லை.

முன்னால் ஒரு பல் கூடினால் பின் ஆக்சில் சுமார் 4 மி.மீ. முன்னே வர வேண்டும். செயின் ஓரளவு ஓடியதாக இருந்தால் ஆக்சில் ஏற்கெனவே பின்னால் நகர்ந்திருக்கும், இடம் தாராளம். புத்தம் புதுச் செயினில் ஆக்சில் முன் எல்லையிலேயே நிற்கலாம். அப்போது இரண்டு கண்ணி கூடுதலான செயின்தான் வழி. டிரம் பிரேக் வண்டியில் ஆக்சில் முன்னே வந்த அளவுக்கு பிரேக் ராடு தளரும், பெடல் கீழே இறங்கும். ராடின் நட்டைச் சரிசெய்து, பிரேக் விளக்கு சரியான நேரத்தில் எரிகிறதா பாருங்கள். இதை மறந்துவிட்டு முதல் வேகத்தடையில் திடுக்கிடுகிறவர்கள் அதிகம்.

செயின் தொய்வு பல வண்டிகளில் 25 முதல் 35 மி.மீ.; உங்கள் வண்டிக்கு உரியது கையேட்டிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள ஸ்டிக்கரிலோ இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளக்க வேண்டும். இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கட்டும். லாக் வாஷர் புதிதாகப் போடுங்கள். இரண்டாம் தடவை மடித்த காது ஒடியும். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டையும் தொய்வையும் இன்னொரு முறை பாருங்கள்.

என்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துணியால் துடைக்கவே கூடாது. துணியோடு விரலும் போகும்.

கேள்வி: முன்னால் கை வைக்காமல் பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் குறைத்தால் என்ன? — வாசகர், பள்ளத்தூர்

பதில்: 38-க்குப் பதில் 36 போட்டால் விகிதம் அதே 2. முன்னால் ஒரு பல்லுக்குப் பின்னால் இரண்டு பல் சமம். பின்னால் ஒரே ஒரு பல் குறைத்து, 37 போட்டு, பாதி மாற்றம் மட்டும் செய்ய முடிவது இதில் உள்ள வசதி. ஆனால் புல்லட் வகை டிரம் பிரேக் வண்டிகளில் பின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. பல் மாற்ற டிரம்மையே மாற்ற வேண்டும், செலவு எகிறும். போல்ட்டில் நிற்கும் தனி ஸ்ப்ராக்கெட் என்றால் யோசிக்கலாம். செயின் ஏற்கெனவே தேய்ந்து முழு செட்டும் மாற்றப்போகிற நேரம்தான் இதற்கு நல்ல நேரம்.

தேய்ந்ததா என்று பார்க்க, செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணி அளந்து பாருங்கள். மேலே சொன்ன 520, 525, 530 செயின்களில் புதியதில் 317.5 மி.மீ. இருக்கும். 324-ஐத் தொட்டால் செயின் முடிந்தது. அந்தச் செயினைப் புது ஸ்ப்ராக்கெட்டில் ஓட்டினால் புதுப் பல்லும் சீக்கிரமே கொக்கி மாதிரி வளைந்துவிடும்.

கேள்வி: நான் நெடுஞ்சாலைக்குப் போவது மாதத்தில் ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் ஆச்சியைப் பின்னால் உட்கார வைத்து, சந்தைப் பையோடு ஊருக்குள்தான் ஓட்டம். 19 பல் எனக்கு ஒத்துவருமா? — வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம். முதல் கியரும் நீண்டுவிடும். இரண்டு பேர் எடையோடு கிளம்பும்போது கிளட்சை அதிக நேரம் பாதி பிடித்து வழுக்கவிட வேண்டிவரும். கிளட்ச் தட்டு சூடாகித் தேயும். இரண்டாவது கியரில் வேகத்தடை ஏறும்போது என்ஜின் 'டொக் டொக்' என்று திணறும். மாதத்தில் ஒரு நாள் சுகத்துக்காக இருபத்தொன்பது நாள் ஆச்சியிடம் பேச்சு வாங்க வேண்டாம்.

கேள்வி: மைலேஜ் கூடுமா? — வாசகர், புதுவயல்

பதில்: சமதரையில் ஒரே சீராக 70, 80-ல் போனால் கொஞ்சம் கூடலாம். ஊருக்குள் கூடாது, குறையவும் செய்யும். மைலேஜை மட்டும் நினைத்து இதைச் செய்ய வேண்டாம். 90-ஐ 80 ஆக்கினால் கிடைப்பது இதைவிட அதிகம், ஸ்பேனரும் தேவையில்லை.

கேள்வி: ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா? — வாசகர், செக்காலை

பதில்: முன் சக்கரத்திலிருந்தோ பின் சக்கர சென்சாரிலிருந்தோ கணக்கு எடுக்கும் வண்டியில் எந்த மாற்றமும் இராது. கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டியில் குறைத்துக் காட்டும்: முள் 90 என்றால் வண்டி 95-ல் போய்க்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் செல்போனை ஜிபிஎஸ் வேகம் காட்டும்படி வைத்து, பின்னால் இருப்பவரைப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள்.