செயற்கைக்கோளைச் சுடாமலேயே முடக்க முடியுமா? முடக்கினால் அது போர் ஆகுமா?

முடியும். 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் பாய்வதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு வியாசாட் நிறுவனம் கேஏ-சாட் என்ற செயற்கைக்கோள் வழியாக வழங்கிய இணையச் சேவை படுத்துவிட்டது. செயற்கைக்கோளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சரியாக அமைக்கப்படாத விபிஎன் கருவி (வெளியிலிருந்து வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழைய உதவுவது) ஒன்றின் வழியாகத் தரையிலுள்ள நிர்வாக வலையமைப்புக்குள் புகுந்தவர்கள், வாடிக்கையாளர்களின் மோடம்களுக்கே கட்டளை அனுப்பி நினைவகத்தை அழித்தார்கள். பல்லாயிரம் மோடம்கள் வெறும் பெட்டிகளாயின. சண்டைக்கே சம்பந்தமில்லாத ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. (நல்லவேளை, அவை சுழல்வது நிற்கவில்லை.)

ரஷ்யாதான் காரணம் என்று ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பிரிட்டனும் அறிவித்தது மே 10 அன்று. போர் என்றும் அமைதி என்றும் சொல்ல முடியாத இடைநிலையில் எதிரியைத் தாக்கும் ‘சாம்பல் மண்டல’ உத்தியின் சூட்சுமமே இந்த இரண்டரை மாத இடைவெளிதான். செய்தவர் யார் என்று உறுதியாவதற்குள் காரியம் முடிந்துவிடும், பதிலடி கொடுக்கும் வேகமும் தணிந்துவிடும். சுட்டு வீழ்த்துவது அப்படியல்ல: 2021 நவம்பரில் ரஷ்யா தன் பழைய காஸ்மாஸ்-1408 செயற்கைக்கோளை ஏவுகணையால் தகர்த்தபோது, கண்காணிக்கத்தக்க 1,500க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. அதை யாராலும் மூடி மறைக்க முடியாது.

போரா என்றால், உக்ரைனைப் பொறுத்தவரை ஐயமில்லை. ஜெர்மனிக்கு? விண்வெளித் தாக்குதலும் ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் கூட்டுப் பாதுகாப்பு விதியான 5ஆம் பிரிவுக்கு இட்டுச் செல்லலாம் என்று, ஜெர்மனியும் உறுப்பினராக உள்ள நேட்டோ ராணுவக் கூட்டணி 2021இலேயே சொல்லியிருந்தது. ஆனால் இந்தத் தாக்குதலுக்காக அந்தப் பிரிவை அது கையில் எடுக்கவில்லை.