வயல் தெரிகிற மனையும் ஊர் மாதிரி ஓர் இடமும்

கேள்வி: கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள் நான். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கொளத்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். பிள்ளைகள் ஆறாவதும் மூன்றாவதும் படிக்கிறார்கள். ஊர் மாதிரி ஓர் இடத்தில் வளரட்டும் என்று ஆசை. திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் நடுவில், சுற்றிலும் வயல் தெரிகிற 1,200 சதுர அடி மனை ஒன்றைக் காட்டினார்கள். பார்த்ததும் பிடித்துவிட்டது. வாங்கலாமா?
- வாசகி, கொளத்தூர்

பதில்: மனை இருக்கட்டும், முதலில் அந்த வயலைப் பற்றிப் பேசுவோம். அது உங்களுடையது இல்லை. உங்களுக்குக் காட்டிய மனையும் கொஞ்ச காலம் முன்புவரை நாற்று நட்ட இடமாகத்தான் இருந்திருக்கும். பக்கத்து வயல்காரரும் ஒருநாள் கல் நடுவார். அதனால் வயலுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

நீங்கள் தேடுகிற 'ஊர்' புது நகர்களில் அநேகமாகக் கிடைக்காது. பாதி மனைகளை முதலீடாக வாங்கிப் போட்டிருப்பார்கள். வேலிக்கல், சீமைக் கருவேலம், எரியாத தெருவிளக்கு. ஏழு மணிக்கு மேல் பேச்சுத்துணைக்கு ஆள் இராது. கோயில் தெரு, குளம், கணக்கில் எழுதிக்கொள்ளும் மளிகைக்கடை, பிள்ளைகள் நடந்தே போகிற பள்ளி எல்லாம் பழைய ஊருக்குள்தான். (ஆடி மாத ஒலிபெருக்கியும் அங்கேதான், அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.)

வழித்தடத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். மின்சார ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கினால் எஸ்டேட். திருநின்றவூர், பூசலார் நாயனார் மனத்துக்குள் சிவனுக்குக் கோயில் கட்டிய ஊர். பக்தவத்சலப் பெருமாள் கோயிலைச் சுற்றி இன்னும் பழைய ஊரின் அமைப்பு இருக்கிறது. திருவள்ளூரில் வீரராகவர் கோயில் பக்கம் ஊர்க்களை அதிகம். ஆனால் ஸ்டேஷனிலிருந்து அங்கே போக பஸ்ஸோ ஆட்டோவோ வேண்டும், அமாவாசையன்று கூட்டம் நெரியும். திருவள்ளூரைத் தாண்டிக் கடம்பத்தூர், மணவூர் என்று போகப் போக அமைதி கூடும், மின்சார ரயில் குறையும். இரவு ஷிப்ட் உண்டென்றால் திருவள்ளூரைத் தாண்டாதீர்கள்.

இனி தண்ணீர். இந்த மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். ஒன்று நிரம்பினால் மிகைநீர் கலங்கல் (வழிந்தோடும் இடம்) வழியாக அடுத்ததற்குப் போகும். ஏரிக்கரைக்குக் கீழே இருப்பது ஆயக்கட்டு, மதகு திறந்தால் நனைகிற நிலம். அதில் மனை போட்டு வாய்க்காலை மூடிவிட்டால், தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு உங்கள் வாசலுக்குத்தான் வரும். திருநின்றவூரிலேயே ஏரியை ஒட்டிய நகர்களில் மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றிருக்கிறது. சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் பதிவேடு) புல வரைபடத்தையும் (அளவும் எல்லையும் காட்டும் படம்) வருவாய்த் துறை இணையதளத்தில் எடுங்கள். நன்செயா புன்செயா என்று பாருங்கள். பக்கத்து எண்களில் ஏரி, தாங்கல் (சிறிய ஏரி), ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு நேரில் போய், அக்கம்பக்கத்து வீடுகளின் சுற்றுச்சுவரில் கறைக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது, மோட்டாரை மேடை கட்டி ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். தரகர் சொல்வதைவிட அந்தச் சுவர் சரியாகச் சொல்லும்.

"மண் கொட்டி உயர்த்திக்கொள்ளலாம்" என்பார்கள். கணக்குப் போடுவோம். 1,200 சதுர அடியை 3 அடி உயர்த்த 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). தண்ணீர் விட்டு இறுக்கினால் அமுங்கும் என்பதால் 45 யூனிட்டாவது வேண்டும். மூன்று யூனிட் லாரி என்றால் 15 லோடு. கொட்டிய மண்மேல் அஸ்திவாரம் நிற்காது, அதைத் தாண்டி இயல்பான கெட்டி மண்வரை தோண்டியாக வேண்டும். அடியில் களிமண் என்றால் கோடையில் சுருங்கி மழையில் உப்பிச் சுவர் விரியும். மண் பரிசோதனை செய்து, பொறியாளர் சொல்கிறபடி பைல் (ஆழமாக இறக்கும் தூண் அஸ்திவாரம்) போடவேண்டி வரலாம். விலை மலிவான மனை அங்கேதான் விலையேறும். இதற்கெல்லாம் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் நாலடி உயர்த்தினால், நீங்கள் மறுபடி பள்ளம்.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பக்கத்து வீடுகளில் வாங்கிச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால்தான் 2,000 வரை. மே மாதத்தில் எடுத்த நீரைத்தான் நம்பலாம்.

பத்திரத்தில் முக்கியமானது ஒன்று. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தந்த அங்கீகார எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரித்து விற்ற அங்கீகாரமில்லா மனைக்கு, அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் அரசின் வரன்முறைத் திட்டமும் கைகொடுக்காது. முப்பது வருட வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் வக்கீல் பார்க்கட்டும். பதிவுச் செலவு 9 சதவீதம் (முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2). 20 லட்சத்துக்கு 1,80,000 ரூபாய்.

பழைய ஊருக்குள் வீடு வாங்கினால் வேறொரு சிக்கல். பல வீடுகள் கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்) இருக்கும், பத்திரத் தொடர்ச்சி மெலிந்திருக்கும். நத்தம் பட்டா, நத்தம் தூய அடங்கல் (நத்த நிலத்தின் வருவாய்ப் பதிவேடு) இரண்டையும் எடுத்துக்கொண்டு, கடன் கிடைக்குமா என்று வங்கியில் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

என் யோசனை: வரும் ஆண்டுவிடுமுறையில் திருநின்றவூரிலோ திருவள்ளூரிலோ பழைய ஊருக்குள் வாடகைக்குப் போய்விடுங்கள். ஸ்டேஷனுக்கு சைக்கிளில் போகிற தூரம் போதும். பள்ளி மாற்ற அதுதான் வசதியான சமயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு மழைக்காலத்தை அங்கே பாருங்கள். அடைமழையில் அந்த மனைக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். அதுவரை டோக்கன் அட்வான்ஸ் என்று ஐயாயிரம்கூடக் கொடுக்க வேண்டாம்; "நாளைக்கு விலை ஏறிடும்மா" என்று அவசரப்படுத்துவார்கள், ஏறட்டும்.