ஏர்லைன் நடத்தியவரே ஏர்லைன்களைக் கண்காணிக்க வரலாமா?

கேள்வி: விமான நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவரை விமானப் பாதுகாப்பு அமைப்புக்குத் தலைவராகப் போடுவதில் என்ன தப்பு? தொழில் தெரிந்தவர்தானே வேண்டும்?

தொழில் தெரிந்தவர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் பெங்களூரில் விமானப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். ஆடிட்டுக்கு வருகிறவருக்கு விஷயம் தெரியாவிட்டால் நாலு ஃபைலைக் காட்டி, காபி கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் பழைய கம்பெனி ஷேரை விற்றாரா, விற்கவில்லையா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஷேர்தான் இதில் சின்ன விஷயம்.

அமெரிக்காவில் இப்போது எஃப்ஏஏ (அந்த நாட்டு விமானப் பாதுகாப்பு அமைப்பு) தலைவராக இருக்கும் பிரையன் பெட்ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 முதல் ரிபப்ளிக் ஏர்வேஸின் சிஇஓ, 2025 ஜூலையில் செனட் ஒப்புதலோடு நேராக எஃப்ஏஏவுக்கு வந்தவர். பதவிக்கு வரும்போது தான் ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் ரிபப்ளிக் பங்குகளை விற்கவில்லை என்று 2025 டிசம்பரில் செனட்டர் மரியா கான்ட்வெல் கேள்வி எழுப்பினார். சரி, அது ஒரு சண்டை, பங்கை விற்றால் முடிந்துவிடும். முடியாத சண்டை வேறு ஒன்று.

2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால், பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று 2013-ல் விதி வந்தது. சின்ன ஊர்களுக்கு ஓட்டும் ரிபப்ளிக் போன்ற கம்பெனிகளுக்கு இது பெரிய தலைவலி, ஏனென்றால் புது விமானிகள் முதலில் வந்து சேர்வது அங்கேதான். 2022-ல் ரிபப்ளிக் எஃப்ஏஏவிடம் மனுப் போட்டது: எங்கள் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் 750 மணி நேரம் போதும் என்று விலக்குக் கொடுங்கள். எஃப்ஏஏ அந்த ஆண்டு செப்டம்பரிலேயே முடியாது என்று சொல்லிவிட்டது. மூன்று வருடம் கழித்து, மனுப் போட்ட கம்பெனியின் தலைவர், முடியாது என்று சொன்ன அலுவலகத்தின் தலைவர். செனட் விசாரணையில் 1,500 மணி நேர விதியைத் தொடமாட்டேன் என்று உறுதி கொடுங்கள் என்று கேட்டபோது அவர் கொடுக்கவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மணிக்கணக்கை மட்டும் பார்க்கக் கூடாது என்ற அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கோல்கன் விமானத்தை ஓட்டிய இருவருக்குமே 1,500-க்கு மேல் மணி நேரம் இருந்தது. மணிக்கணக்கை விடப் பயிற்சியின் தரம்தான் முக்கியம் என்று சொல்லும் விமானிகளை எனக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு எஃப்ஏஏ அந்த விதியைத் தளர்த்தினால், அது பாதுகாப்பை ஆராய்ந்து எடுத்த முடிவா, பழைய மனுவின் பாக்கியா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முடிவு சரியாகவே இருந்தாலும் நம்பமாட்டார்கள். பழைய கம்பெனி ஃபைல்களிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதும் இங்கே உதவாது, ஏனென்றால் அந்த விலகல் கம்பெனி பெயர் போட்ட ஃபைலுக்குத்தான், எல்லோருக்கும் பொதுவான விதியை மாற்றுவதற்கு அது தடை இல்லை. லாபம் முழுக்க அந்தப் பொது விதியில்தானே இருக்கிறது?

இவர் முதல் ஆளும் இல்லை. 2019-ல் எஃப்ஏஏ தலைவரான ஸ்டீவ் டிக்சன் டெல்டாவில் விமான இயக்கப் பிரிவின் மூத்த துணைத் தலைவராக இருந்தவர். அங்கே பாதுகாப்புக் குறைகளை எழுதிக் கொடுத்த ஒரு பெண் விமானியை டெல்டா மனநலப் பரிசோதனைக்கு அனுப்பிய விவகாரம் அவர் நியமனத்தின்போது வெடித்தது. அது பழிவாங்கல்தான் என்று தொழிலாளர் துறை நீதிபதி தீர்ப்பளித்தது 2020 டிசம்பரில், டிக்சன் பதவியேற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டிஜிசிஏவுக்குத் தலைவராகத் தனியார் ஏர்லைன் சிஇஓ வருவதில்லை, ஐஏஎஸ் அதிகாரிதான் வருவார், அதனால் நமக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிரதீப் சிங் கரோலா (பெங்களூர்க்காரர்களுக்கு மெட்ரோ எம்டியாக ஞாபகம் இருக்கும்) ஏர் இந்தியா தலைவராக இருந்து 2019-ல் விமானப் போக்குவரத்துத் துறைச் செயலர் ஆனார். ராஜீவ் பன்சாலும் 2021-ல் அதே வழியில்தான் வந்தார். 2022-ல் ஏர் இந்தியா டாடாவுக்குக் கைமாறிய நேரத்தில் அதன் தலைவராக இருந்த விக்ரம் தேவ் தத், அடுத்த ஆண்டு டிஜிசிஏ தலைவர். இவர்கள் யாரும் தப்புச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அரசு மாற்றல் உத்தரவு போட்டது, போனார்கள். ஆனால் 2022 ஜனவரி வரை ஏர் இந்தியாவும் அந்த அமைச்சகத்தின் கையில், அதைக் கண்காணிக்கும் டிஜிசிஏவும் அதே அமைச்சகத்தின் கையில். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பதை அரசு ஏற்பாடாகவே வைத்திருந்தோம்.

அதை விடப் பெரிய ஓட்டை கீழே இருக்கிறது. விமானிகளையும் அவர்கள் பயிற்சியையும் சோதிப்பவர்கள் எஃப்ஓஐ எனப்படும் விமான இயக்க ஆய்வாளர்கள், இவர்களும் விமானிகளாகத்தான் இருக்க முடியும். ரொம்ப நாள் டிஜிசிஏ இவர்களை ஏர்லைன்களிடமிருந்தே இரவல் வாங்கி ஓட்டியது, சம்பளம் கொடுத்தது ஏர்லைன். 2014 ஜனவரியில் எஃப்ஏஏ விமானப் பாதுகாப்புக் கண்காணிப்பில் இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியதற்கு முழுநேர ஆய்வாளர்கள் போதவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். அவசரமாக ஆள் எடுத்து 2015 ஏப்ரலில் பழைய இடத்தை மீட்டோம். நம்மை அப்படித் தட்டிக் கேட்ட அதே எஃப்ஏஏவின் இன்றைய நிலைமையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

ஆள் பற்றாக்குறை இன்னும் தீரவில்லை. டிஜிசிஏவில் அனுமதிக்கப்பட்ட 1,063 இடங்களில் 553 தான் நிரம்பியிருக்கின்றன என்று 2025-ல் நாடாளுமன்றக் குழு அறிக்கை சொன்னது. முருகேஷ்பாளையாவில் எங்கள் பக்கத்து வீட்டு மதுரைக்காரர் ஒரு கேப்டன், அவரிடம் நீங்கள் ஏன் ஆய்வாளராகப் போகக் கூடாது என்று கேட்டேன். "அங்கே போனா சம்பளம் எவ்வளவு இறங்கும்னு தெரியுமா தம்பி? அதுவும் ஒப்பந்தம்தான். முடிஞ்சதும் வேலை கேட்டு எங்கே போய் நிப்பேன்? நான் குறை எழுதின கம்பெனிகிட்டதானே?" என்றார். திரும்பிப் போக வேண்டிய இடத்தைப் பற்றி எவனும் கடுமையாக எழுதமாட்டான்.

2025 டிசம்பர் நினைவிருக்கும். விமானிகளுக்கு வார ஓய்வு 36-லிருந்து 48 மணி நேரம், வாரத்துக்கு இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு என்று வந்த விதிக்கு இண்டிகோ தயாராகவில்லை. ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தாகி பெங்களூர் தேவனஹள்ளி, டெல்லி, மும்பை எல்லா விமான நிலையத்திலும் ஜனங்கள் பெட்டியோடு தரையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் 2026 பிப்ரவரி 10 வரை அந்தக் கம்பெனிக்கு இரவு வேலை விதிகளிலிருந்து விலக்கு, பிறகு அதைக் கண்காணித்த நான்கு ஆய்வாளர்கள் நீக்கம். பயணிகளைக் காப்பாற்ற விலக்கு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அதுவரை தயாராகாததை யார் பார்த்தார்கள், யார் பார்க்காமல் விட்டார்கள் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது.

அதனால் என் பதில்: ஏர்லைன் ஆட்கள் வரட்டும், ஆனால் ஆய்வாளராக, நல்ல சம்பளத்தில், திரும்பிப் போகத் தேவையில்லாத நிரந்தர வேலைக்கு வரட்டும். தலைவர் நாற்காலிக்கு வேண்டாம். அப்படியே போட்டாலும், அவர் கம்பெனி கடைசி ஐந்து வருடத்தில் அந்த அலுவலகத்திடம் கேட்டு வாங்கிய, கேட்டுக் கிடைக்காத எல்லாவற்றையும் முதல் நாளே இணையத்தில் போட வேண்டும். அந்த விஷயங்களில் பொது விதியாக இருந்தாலும் அவர் கையெழுத்துப் போடக் கூடாது. எந்த ஏர்லைனுக்கு எந்த விலக்குக் கொடுத்தாலும் யார் கேட்டார்கள், யார் பரிந்துரைத்தார்கள் என்று காரணத்தோடு வெளியிட வேண்டும். ஆய்வாளர் சம்பளத்துக்கு நிதித் துறையிடம் போராட வேண்டியிருக்கும், புரிகிறது. மற்றவற்றுக்கு ஒரு பிடிஎஃப் போதும்.