எண்ணெயை அப்புறம் மாற்றலாம், முதலில் அந்த வயிற்றுவலி

சமையலுக்குச் செக்கு எண்ணெய் நல்லதா, ரீஃபைண்டா என்று கேட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு நான்கு பத்தி எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் பிரியாணி சாப்பிட்ட இரவு மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரை குத்திய வலியை மட்டும் "கேஸ்தான், மறுநாள் சரியாகிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.

150-க்குள் இருக்க வேண்டிய டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு, உங்களுக்கு 1,140. மாரடைப்பு வருமோ என்று பயப்படுகிறீர்கள். இன்றைய தேதிக்கு அதைவிட அவசரம் கணையம். 500-ஐத் தாண்டும்போதே கணைய அழற்சியை, அதாவது கணையம் வீங்கிப் புண்ணாவதை நினைத்துக் கவலைப்படத் தொடங்குவோம். 1,000-க்கு மேல் ஆபத்து இன்னும் கூடும். இந்த அளவில் ரத்தத்தை எடுத்து வைத்தால் மேலே தெளியும் சீரமே பால் மாதிரி வெளுத்திருக்கும். கணையத்தில் சுரக்கும் லைபேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பை உடைக்கும்போது வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் கணையத்தின் திசுவையே புண்ணாக்குகின்றன.

மேல்வயிற்றில் விடாத வலி, முதுகுக்குப் பாய்கிறது, மல்லாந்தால் கூடுகிறது, குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிகிறது, கூடவே வாந்தி. இப்படி வந்தால் சோடா, ஓமத் தண்ணீர் வைத்தியமெல்லாம் வேண்டாம். எதுவும் சாப்பிடாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ரிப்போர்ட்டைக் காட்டி டிரைகிளிசரைடு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லுங்கள். ரத்தத்தில் லைபேஸ் அளவைப் பார்க்க வேண்டும். கொழுப்பு இவ்வளவு ஏறிய ரத்தத்தில் அமைலேஸ் என்ற இன்னொரு கணைய நொதி பொய்யாக நார்மல் காட்டலாம். மாரடைப்பும் இதே இடத்தில் வலிக்கலாம் என்பதால் ஈசிஜியும் எடுப்பார்கள். இப்போது வலி இல்லையென்றாலும் நாளைக்கே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள்.

எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 61 என்று நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். அது கணக்குப் போட்டு வந்த எண். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து மறுபடி ரத்தம் கொடுங்கள். நேரடியாக அளந்த எல்டிஎல், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவு ஏறியதற்குத் தாளிக்கிற எண்ணெய் முதல் காரணமாக இருக்காது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4, வார இறுதியில் மது: கல்லீரலுக்கு டிரைகிளிசரைடு தயாரிக்க இந்த இரண்டும் போதும். ஆனால் வீடியோ பார்த்துக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிறீர்களே, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், அதை இன்றோடு நிறுத்துங்கள். அதிலேயே சுமார் 27 கிராம் கொழுப்பு. டிரைகிளிசரைடு 500-க்குக் கீழே இறங்கும் வரை உங்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 20 முதல் 25 கிராம் கொழுப்புதான், அதுவும் நெய், தேங்காய்ச் சட்னி, கடலை, முட்டையின் மஞ்சள் கரு எல்லாம் சேர்த்து. சமையலுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி எண்ணெய் போதும். இறங்கிய பிறகு நான்கு டீஸ்பூன் வரை போகலாம். அடியோடு விடவும் கூடாது. எண்ணெயில் உள்ள லினோலெயிக் அமிலம் என்ற அவசியமான கொழுப்பு அமிலத்தை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குடலில் உறிஞ்சப்படவும் கொழுப்பு வேண்டும்.

ரீஃபைண்ட் எண்ணெய் விஷம் இல்லை, செக்கு எண்ணெய் மருந்தும் இல்லை. ஒரே கடலையிலிருந்து வந்த இரண்டுக்கும் கொழுப்பு அமில விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். செக்கில் மணமும் கொஞ்சம் வைட்டமின் ஈ-யும் கூடுதலாகத் தங்கும். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்ற லேபிளுக்குக் காசு கொடுக்காதீர்கள், எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதில்லை.

நீங்களாக வாங்கும் 1,000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரையில் பெரும்பாலும் 300 மி.கி.தான் ஒமேகா-3. டிரைகிளிசரைடைக் குறைக்க நாளொன்றுக்கு 4 கிராம் தேவை. பதின்மூன்று, பதினான்கு மாத்திரை விழுங்குவீர்களா? டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் மாத்திரையையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள், சிறுநீரகம் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும். நீங்களே நிறுத்திய ஸ்டாட்டினை, அதாவது கொலஸ்ட்ரால் மாத்திரையை, மீண்டும் தொடங்குவதும் அதே மருத்துவர் சொல்லட்டும். மது இனி ஒரு சொட்டுகூடக் கூடாது, பியரும் இதில் சேர்த்தி.