காரைக்குடியில் போன வருஷம் ஊசி போட்டும் அப்பத்தாவுக்கு ஃப்ளூ ஏன்?

போலி மருந்தோ என்று பயப்படாதீர்கள். போன வருஷம் போட்ட ஊசி இந்த வருஷ ஃப்ளூவைத் தடுக்காமல் போவது சகஜம்.

ஃப்ளூவைத் தரும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் தன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும்போது பிழை திருத்தாது. பிழைகள் சேரச் சேர, வைரஸின் மேலே முள்போல நிற்கும் எச்.ஏ. என்ற புரதம் கொஞ்சம் கொஞ்சமாக வடிவம் மாறும். பழைய ஊசியால் உடலில் உருவான, வைரஸைப் பிடித்துத் தடுக்கும் எதிர்ப்பான்களுக்கு அது பிடிபடாது. பெட்டகச் சாவி அதேதான், பூட்டு மாறிவிட்டது. தவிர, ஊசியின் பலமும் சில மாதங்களில் குறையும், வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

அதனால்தான் உலக சுகாதார அமைப்பு வருஷத்துக்கு 2 முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் சேர்க்க வேண்டிய வைரஸ் வகைகளைப் பரிந்துரைக்கிறது. அடுத்த ஊசிக்கு முன் மருந்துப் பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது என்று பாருங்கள்.

ஒன்று: பரிசோதனை செய்யாமல் ஃப்ளூ என்று முடிவுகட்டாதீர்கள், டெங்குவாகவும் இருக்கலாம். அப்பத்தாவுக்கு மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.